நிவாரணமும் தேசமும்: 2004 கடற்கோளின் பின் இலங்கை பற்றிய சில அவதானங்கள்

1

இயற்கை அனர்த்தமொன்று நிகழ்ந்தபின் ஒரு தேசம் எவ்வாறு செயற்படுகிறது என்னும் வினா, பொதுவாக நிர்வாகவியலுக்கும் பொறியியலுக்கும் உரியதென்றே கருதப்பட்டு வருகிறது. எத்தனை கூடாரம், எத்தனை மூடை அரிசி, எத்தனை வீடு என்ற கணக்கோடு அது முடிந்துவிடுவதும் உண்டு. இலக்கிய மாணவராகிய நாம் இவ்விடயத்திற் புகுவதற்குக் காரணம் இருக்கிறது. உதவுவோர் யாவர், உதவி பெறுவோர் யாவர், பின்னவரை முன்னவர் எப்பெயராற் குறிக்கின்றனர் என்பன சமூக உறவுகள் பற்றிய வினாக்களாகும். அவ்வுறவுகள் மொழியிலே தம் தடத்தைப் பதித்தே செல்கின்றன.

நிவாரணம் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வடமொழியில் அதன் பொருள் தடுத்தல், விலக்குதல் என்பதாகும். வரவிருக்கும் தீங்கை வராமற் செய்வதே நிவாரணம். இன்றைய வழக்கிலோ, தீங்கு வந்து முடிந்த பின்னர், வரிசையில் நின்று கையொப்பமிட்டோ பெருவிரல் பதித்தோ பெற்றுக்கொள்ளும் பொருளையே அது குறிக்கிறது. தடுக்கவேண்டிய கடமையைச் சுட்டிய சொல், தடுக்கத் தவறியபின் வழங்கும் கொடையைச் சுட்டுவதாயிற்று. இது சொற்பொருள் வரலாற்றில் நேர்ந்த தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் இலங்கையின் அனர்த்த வரலாற்றை ஓரளவேனும் அறிந்தோர் அதனை அவ்வளவு எளிதிற் கடந்துபோக முடியாது.

தமிழிலக்கியம் கடற்கோளை நன்கறியும். தன் மண்ணைக் கடல் கொண்டபோது பாண்டியன் தளராது பகைவர் நாட்டின்மீது சென்று, இழந்த நிலத்திற்கு ஈடாக அவர் நிலத்தைக் கொண்டான் என்று கலித்தொகையின் முல்லைக்கலிப் பாடலொன்று அவனைப் புகழ்கிறது. மணிமேகலையிற் காவிரிப்பூம்பட்டினம் கடலுள் ஆழ்வதற்குக் காரணம், மகனை இழந்து தேடிய மன்னன் இந்திரவிழாவை மறந்தமையாகும். முன்னதில் அனர்த்தம் அரசின் நில விரிவுக்கு நியாயமாகிறது. பின்னதில் அது வழிபாட்டுத் தவறுக்குக் கிடைத்த தண்டனையாகிறது. இரண்டிலும் கரையில் வாழ்ந்த பரதவர் என்னவாயினர் என்ற கேள்வி எழவில்லை. அரசவையையும் பெருஞ் சமயங்களையும் சார்ந்து உருவான இலக்கியத்தில் அது எழாமை வியப்புக்குரியதன்று.

ஆனால் மணிமேகலையிலேயே இன்னொரு கதையும் உண்டு. நமது பொருளுக்கு அதுவே நெருக்கமானது. மதுரையில் அமுதசுரபி பெற்ற ஆபுத்திரன் பசித்தோர்க்கெல்லாம் உணவளிக்கிறான். அவன்மீது சினங்கொண்ட இந்திரன், பன்னீராண்டு மழையற்றுக் கிடந்த பாண்டிநாட்டில் மழையைப் பெய்வித்து விடுகிறான். நாடு செழிக்கிறது, உணவு கேட்டு வருவோர் இல்லை. வறுமையுற்ற சாவகநாடு நோக்கி ஆபுத்திரன் கலமேறுகிறான். இடைவழியில் மணிபல்லவத்தில் விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாதிருந்து உயிர்விடுகிறான். மணிபல்லவத்தை நமது நயினாதீவோடு இணைத்து நோக்கும் ஆய்வாளரும் உளர். காப்பியம் இக்கதையை அறத்தின் மேன்மைக்காகவே சொல்கிறது. எனினும், கொடுப்போனுக்குக் கொள்வோன் தேவைப்படும் நிலையை, பசி தீர்ந்த நாட்டிற் கொடையாளி வேலையற்றுப்போகும் நிலையை, அது எவ்வளவு துலக்கமாகக் கண்டிருக்கிறது என்பது மனங்கொள்ளத்தக்கது. 2004 டிசம்பர் 26இன் பின்னர் எமது கரைகளில் நிகழ்ந்தவற்றை ஆராயும்போது இக்கதையை நாம் பலமுறை நினைக்க நேர்ந்தது.

2

அவ்வழிவை அனுபவமற்ற ஒரு நாடு எதிர்கொண்டது என்று சொல்லப்படுவதுண்டு. இது பாதி உண்மையே. கடற்கோள் புதிது, பேரழிவு புதிதன்று. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பத்து இலட்சம் வரையிலான மக்கள் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கட்டடங்கள் சேதமுற்றன. மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களுட் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தன. அம்மாவட்டத்து முதியோர் இன்றும் பிள்ளைகளின் வயதைச் 'சூறாவளிக்கு முன்', 'சூறாவளிக்குப் பின்' என்று எண்ணுவதுண்டு. அத்தகைய அழிவிலிருந்து அரசு பெற்றுக்கொண்ட படிப்பினை யாது? அனர்த்த முகாமைத்துவத்திற்கென ஒரு சட்டம் இந்நாட்டில் நிறைவேறியது 2005இலேயாகும். சூறாவளிக்கும் சட்டத்துக்கும் இடைப்பட்ட 27 ஆண்டுகளில் வரைவுகள் இருந்தன, சட்டம் இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, அன்றைய இலங்கை நேரம் ஏழு மணியளவில், சுமாத்திராவின் மேற்குக் கரைக்கப்பால் 9.1 அளவான நிலநடுக்கம் ஏற்பட்டது. கிழக்குக் கரையை அலை அடைய ஏறத்தாழ இரண்டு மணிநேரம் எடுத்தது. பசுபிக் சமுத்திரத்திற்குப் பல தசாப்தங்களாக எச்சரிக்கை அமைப்பு ஒன்று இருந்தது. இந்து சமுத்திரத்திற்கு இருக்கவில்லை. எச்சரிக்கைக் கருவிகள் எச்சமுத்திரத்தில் மிதக்கின்றன என்பது அச்சமுத்திரத்தின் கரைகளில் எவருடைய செல்வம் குவிந்துள்ளது என்பதோடு தொடர்புடையது. இதனை விளக்குவதற்கு நீண்ட கோட்பாடு தேவையில்லை.

இதனினும் உறுத்தலானது வேறொன்று. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் அலை புகுந்து அரைமணி நேரத்துக்கும் அதிகமான காலம் சென்ற பின்னரே, கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிச் சென்ற புகையிரதம் பெரலியவில் அலையுள் அகப்பட்டது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகப் புகையிரத வரலாற்றில் மிகக் கொடிய விபத்தாக அது குறிக்கப்படுகிறது. நாட்டின் ஒரு கரையில் ஆயிரக்கணக்கானோர் இறந்துகொண்டிருந்த வேளையில், மறுகரையில் ஒரு புகையிரதம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. தேச ஒருமைப்பாடு பற்றி இந்நாட்டில் எழுதப்பட்டவை ஏராளம். கிழக்கின் செய்தி தெற்கின் தண்டவாளத்தை உரிய நேரத்தில் எட்டவில்லை என்ற இவ்வொரு நிகழ்ச்சி அவற்றோடு சேர்த்துப் படிக்கப்பட வேண்டும்.

பெரலிய பற்றி மற்றுமொரு குறிப்பு. அதனையடுத்த கடலிற் பவளப்பாறைகள் நெடுங்காலமாக வெட்டி எடுக்கப்பட்டு, சுண்ணாம்புக்காகச் சுடப்பட்டு வந்தன. பாறைகள் காக்கப்பட்ட ஹிக்கடுவவில் அலை ஒப்பீட்டளவில் அடங்கியும், பாறை அகழப்பட்ட பெரலியவில் அது கட்டற்றும் புகுந்தமையைப் பின்னர் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். காடழித்து விளைநிலம் தேடியோர் தம்மையறியாமலே நீரூற்றுகளையும் அழித்தமை பற்றி ஏங்கல்ஸ் இயற்கையின் இயக்கவியல் என்னும் முடிவுறாத நூலிலே கவனஞ் செலுத்தியமை இங்கு நினைவுகூரத்தக்கது. பவளம் வெட்டியோர் ஏழைகள். சுண்ணாம்பை வாங்கியது கட்டடத்தொழில். பொறுப்பை வெட்டியவர்மேல் மட்டும் சுமத்துவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை.

மாண்டோரும் காணாமற் போனோருமாக இலங்கையில் 35,000 பேருக்கும் அதிகமானோர் கணக்கிடப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அம்பாறை மாவட்டத்தினர். ஒரு இலட்சத்தை அண்டிய வீடுகள் அழிந்தோ சேதமுற்றோ போயின. மீன்பிடிக் கலங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இல்லாமற்போயிற்று. இவ்வளவுக்கும், உலக வங்கி முதலிய நிறுவனங்கள் சொத்திழப்பை நூறு கோடி டொலர் என்று மதிப்பிட்டன. அது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. அடுத்த ஆண்டு பொருளாதாரம் ஆறு சதவீதமளவில் வளர்ந்தும் விட்டது. 35,000 உயிர்கள் போன பின்னும் தேசியக் கணக்கு பெரிதாகத் தளராமைக்குக் காரணம் வெளிப்படையானது: இறந்தோரும் இழந்தோரும் அக்கணக்கில் முன்னரே மிகச் சிறிய இடத்தையே பெற்றிருந்தனர்.

3

முதல் நாட்களைப் பற்றி நாம் தயக்கமின்றி எழுத விரும்புகிறோம். முற்போக்கு வட்டாரங்களிற் சிலர் அந்நாட்களின் நெகிழ்ச்சியை வெறும் மனிதாபிமான மயக்கமென்று ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறோம். அது சரியான நோக்கன்று. பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் விகாரைகளும், பாடசாலைகளும் எவரது பெயரையும் கேளாமற் கதவைத் திறந்தன. உள்ளூரார் தம் வீட்டுப் பானைகளை எடுத்துவந்து சமைத்தனர். தெற்கின் கிராமங்களிலிருந்து தமிழும் அறியாத மனிதர் உணவுப் பொட்டலங்களோடு லொறிகளில் கிழக்கு நோக்கி வந்தனர். இரு தசாப்தப் போரினால் மூடுண்டு கிடந்த வீதிகளில் அவை வந்தன. அரச இயந்திரம் அசையத் தொடங்குமுன், வெளிநாட்டு விமானங்கள் இறங்குமுன், பிணங்களை அடக்கியதும் காயமுற்றோரைச் சுமந்ததும் பெரும்பாலும் அயலவரே. உதவியோரும் உதவி பெற்றோரும் ஒரே வர்க்கத்தினராக இருந்தனர் என்பதே அந்நாட்களின் சிறப்பு. அங்கு பட்டியல் இருக்கவில்லை. பட்டியல் இல்லாமலே பங்கீடு நடந்தது.

பின்னர் பட்டியல் வந்தது. பட்டியல் வேண்டாம் என்பது நமது வாதமன்று; அரை மில்லியன் மக்களுக்கான உதவியை அயலவரின் பானையாற் கொண்டுநடத்த இயலாது. வாரமொன்றுக்கு ஆளுக்கு 375 ரூபா பெறுமதியான பணமும் பொருளும், இறந்தவர் ஒருவருக்கு ஈமச்செலவாக 15,000 ரூபா, முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா, பகுதியாகச் சேதமுற்றதற்கு ஒரு இலட்சம் என அரசு வகுத்த திட்டம் காகிதத்தில் ஒழுங்கானதே. ஓரளவுக்கு அது நடைமுறையிலும் இயங்கியது. பட்டினியாலும் தொற்றுநோயாலும் இரண்டாவது சாவு நிகழாமற் போனமைக்கு இதற்கும், நெடுங்காலமாகக் கட்டியெழுப்பப்பட்ட இலவச சுகாதார சேவைக்கும், ஊழியர்களின் உழைப்புக்கும் பங்குண்டு. இதனை மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் இழப்பு என்பதைப் பட்டியல் எவ்வாறு வரையறுத்தது என்று கேட்கவேண்டும். சொத்து எதுவோ அதன் அழிவே இழப்பாயிற்று. கிழக்குக் கரையின் கரைவலைத் தொழிலை எடுத்துக்கொள்வோம். வலையும் தோணியும் சம்மாட்டியினுடையவை. வலையை இழுப்போர் இருபது முப்பது பேர். பிடிபட்டதிற் பங்கு பெறுவதே அவர்களின் ஊதியம். அலை வலையையும் தோணியையும் வாடியையும் கொண்டுபோனபோது சம்மாட்டி சொத்தை இழந்தார், வலைகாரர் வேலையை இழந்தனர். முன்னவரின் இழப்புக்குப் படிவத்தில் ஒரு நிரல் இருந்தது. பின்னவரின் இழப்பை எழுத இடமில்லை. உழைப்புச் சக்தியைத் தவிர விற்பதற்கு வேறெதுவும் இல்லாதவரிடம் 'என்ன இழந்தீர்?' என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? தும்படித்து வாழ்ந்த தென்கரைப் பெண்கள், மீன் கூடை சுமந்து விற்றோர், வீட்டுத் தாழ்வாரத்திலே தறி வைத்திருந்தோர், உப்பளத்தில் நாட்கூலி பெற்றோர் என இவ்வரிசை நீளும். அதே அலை தாக்கிய நாகப்பட்டினக் கரையிலும் இந்நியதி சாதியின் உருவில் வெளிப்பட்டது. மீனவரே பாதிக்கப்பட்டோர் என்று கொள்ளப்பட்டமையால், வயலும் கூலியும் இழந்த தலித் தொழிலாளர் நிவாரணத்திலிருந்து விலக்கப்பட்டமை அக்காலத்திலேயே ஆவணப்படுத்தப்பட்டது.

இந்நிலையிலேதான் ஆபுத்திரனின் கதை தலைகீழாக மீண்டும் நிகழ்ந்தது. உலகெங்கும் சாதாரண மக்கள் மனமுவந்து கொடுத்த பெரும் பணத்தைக் குறித்த காலத்துள் செலவிட்டுக் கணக்குக் காட்டவேண்டிய நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் கரைக்கு வந்தன. படகு கொடுப்பது எளிது. படகுக்குப் பெயர் எழுதலாம், படம் பிடிக்கலாம். விளைவு, சிறு படகுகள் சில இடங்களில் இழந்ததற்கும் மேலாக வழங்கப்பட்டன. அவற்றுள் கடலுக்கே தகாத தரக்குறைவானவையும் இருந்தன. இதனை நிவாரண முகவரகங்களே பின்னர் தம் மதிப்பீடுகளில் ஒப்புக்கொண்டுள்ளன. வீடுகளிலும் இவ்வாறே. தென்கரையில், குறிப்பாக அம்பாந்தோட்டையில், தேவைக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. மிகுதியாக இழந்த அம்பாறையிலும் வடக்குக் கிழக்கிலும் கட்டடப் பணி பின்தங்கியே நடந்தது. கொடையாளர் கொள்வோரைத் தேடிச் சென்றனர். ஆனால் வீதி நல்லதாயும் அமைச்சர் செல்வாக்குள்ளவராயும் இருந்த திசையிலேயே தேடினர். இக்காலத்திலேதான் 'பயனாளி' என்ற சொல் எமது கிராமங்களிற் புழக்கத்திற்கு வந்தது. மீனவன், நெசவாளி, வலைகாரன் என்று உழைப்பின் பெயராலே அறியப்பட்டவர் பெறுவதன் பெயராலே அறியப்படலாயினர்.

போரினால் இடம்பெயர்ந்தோரின் நிலையையும் இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் பொருந்தும். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்துக் கொட்டில்களில் அப்போது பதினான்காம் ஆண்டை முடித்திருந்தனர். வடக்குக் கிழக்கின் நலன்புரி முகாம்களிலும் பல்லாயிரம் தமிழர் அவ்வாறே இருந்தனர். கடலால் வீடிழந்தவர்க்குச் சில மாதங்களில் நிதி திரட்டிய தேசத்துக்கு, துப்பாக்கியால் வீடிழந்தவர்க்கு ஒன்றரைத் தசாப்தமாகியும் திரட்ட முடியவில்லை. கடல் இழைத்த தீங்கில் எவரும் குற்றவாளியல்லர். ஆதலின் இரங்குவது எளிதாயிற்று. போர் இழைத்த தீங்குக்கு இரங்குவதெனின் காரணத்தையும் கூறவேண்டும்.

பெண்களின் வீட்டுரிமை பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டியுள்ளது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்துத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமரபின் எச்சங்கள் வலுவாக நிலைத்துள்ளன. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கப்படும். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து சேர்வான். ஆகவே அங்கு அழிந்த வீடுகளிற் பெரும்பாலானவை பெண்களின் வீடுகள். அரசின் படிவமோ 'குடும்பத் தலைவர்' யார் என்று கேட்டது. தலைவர் என்றால் ஆண் என்பது அலுவலகத்தின் துணிபு. புதிய காணியும் வீடும் பல இடங்களிற் கணவனின் பெயருக்கே எழுதப்பட்டன. கூட்டுரிமைக்கு வழியில்லை என்று கூறப்பட்டது. இதன் பொருள் பாரதூரமானது. கணவன் விட்டுச்சென்றாலும் தன் மனையிலேயே வாழக்கூடியவளாயிருந்த பெண், நிவாரணம் பெற்றதன் பின்னர் அவ்வுறுதியை இழந்தாள். அலை சுவரை இடித்தது. படிவம் உரிமையை மாற்றியது. கிழக்கிலங்கைப் பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்து இடைவிடாது குரலெழுப்பின. அக்காலத்தில் நிகழ்ந்த மிகத் தெளிவான அரசியற் செயற்பாடுகளுள் அதுவும் ஒன்று என்பது எமது கணிப்பு. எமது இடதுசாரி இதழ்கள் அதற்கு அளித்த இடம் போதாது.

4

2005 தொடக்கத்தில் மீள்கட்டுமானத்திற்கென அமைக்கப்பட்ட உயர் செயலணியில் இடம்பெற்றோர் பெரும்பாலும் பெருவணிக நிறுவனங்களின் தலைவர்கள். ஒரு மீனவர் சங்கப் பிரதிநிதியேனும் அதில் இருக்கவில்லை. இச்செயலணியின் உறுப்பமைப்பையும், அடுத்து வந்த இடைத்தடை வலயக் கொள்கையையும் பிரித்து நோக்க முடியாது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்கு வீடு கட்டலாகாது என்று அறிவிக்கப்பட்டது. காரணம் பாதுகாப்பு. ஆனால் சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு இருந்தது. மீனவரின் குடிசைக்கு ஆபத்தான கரை பயணிகளின் அறைக்கு ஆபத்தற்றதாவது எவ்வாறு என்ற எளிய கேள்வியை மீனவர்கள் கேட்டனர், விடை கிடைக்கவில்லை. அறுகம்குடாவில் அலைக்குப் பின் வகுக்கப்பட்ட பெருஞ் சுற்றுலாத் திட்டமும், அதற்கு அங்குள்ள மக்கள் காட்டிய எதிர்ப்பும் உலகறிந்தவை. இழந்த நிலத்துக்கு ஈடாக அயல்நாட்டைக் கொண்ட பாண்டியனுக்கு மாறாக, இங்கு அரசு தன் குடிகளின் கரையையே கொள்ள முயன்றது.

200 மீற்றர் என்பது வரைபடத்தில் ஒரு கோடு. மருதமுனையிலும் சாய்ந்தமருதுவிலும் காத்தான்குடியிலும் அது ஊரின் கணிசமான பகுதி. கடலுக்கும் வயலுக்கும், அல்லது கடலுக்கும் களப்புக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி வாழ்ந்த மக்களை உள்ளே போ என்றால், உள்ளே இருப்பது பிறரது வயல் அல்லது அயற் சமூகத்தின் காணி. முதல் வாரத்தில் ஒருவருக்கொருவர் சோறு கொடுத்த தமிழ், முஸ்லிம் கிராமங்கள் காணிக்காக முரண்பட வேண்டியனவாக ஆக்கப்பட்டமை இவ்வாறே. இன முரண்பாடு இயல்பாக ஊறி எழுவதென்று எண்ணுவோர் இந்நிகழ்வைக் கவனிக்கவேண்டும். எதிர்ப்பின் விளைவாக 2005இன் பிற்பகுதியிலிருந்து இடைத்தடை வலயம் படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. அதற்குள் ஓராண்டு கூடாரங்களிற் கழிந்திருந்தது.

தேசம் என்பது எதுவென்ற கேள்வி நேரடியாகவே முன்வைக்கப்பட்டது பொதுக்கட்டமைப்பின் விவகாரத்திலாகும். 2002 முதல் போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்தது. பாதிக்கப்பட்ட கரையின் ஒரு பகுதி தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்தது. 2005 ஜனவரியில் இலங்கை வந்த ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் கோபி அனான் அப்பகுதிக்குச் செல்ல அரசாங்கம் இடமளிக்கவில்லை. முல்லைத்தீவின் இறந்தோர் அம்பாந்தோட்டையின் இறந்தோரைப் போன்று பார்க்கப்படத்தக்கவரல்லர் என்ற செய்தியே மக்களிடம் சென்றது. ஆறு மாதப் பேரத்தின் பின், ஜூன் 24ஆம் நாள், அரசும் புலிகளும் உதவியைப் பங்கிடுவதற்கான பொதுக்கட்டமைப்பிற் கைச்சாத்திட்டன. வடக்குக் கிழக்கின் ஆறு மாவட்டங்களில் கடலிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்கு உட்பட்ட நிலமே அதன் எல்லை. அதன் பிரதேசக் குழுவில் அரசுக்கு இருவர், புலிகளுக்கு ஐவர், முஸ்லிம்களுக்கு மூவர் என வகுக்கப்பட்டிருந்தது.

அதிகாரப் பகிர்வென்று சொல்வதற்கும் போதாத ஒரு நிர்வாக ஏற்பாடு இது. இதற்கெதிராகவே மக்கள் விடுதலை முன்னணி தனது 39 உறுப்பினருடன் அரசாங்கத்திலிருந்து வெளியேறியது. தம்மை மார்க்சியரென அழைத்துக்கொள்வோர், ஒடுக்கப்பட்ட தேசிய இனமொன்றின் இறந்தோர்க்கான உதவியைப் பங்கிடுவதை நாட்டுப் பிரிவினையெனக் கண்டனர். கொழும்பிற் பெருவணிகர் தலைமையேற்ற செயலணியைவிடக் கிளிநொச்சியில் அமையவிருந்த ஒரு குழு அவர்களுக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிந்தது. இதனை இனவாதம் என்று மட்டும் கூறி நிறுத்துவது போதாது. சிங்களக் கிராமப்புறச் சிறு உடைமையாளரின் அச்சத்தை வர்க்க அரசியலின் மொழியிற் பேசும் ஒரு கட்சி, நெருக்கடியில் எதனைக் கைவிடும், எதனைக் காக்கும் என்பதற்கு இது சான்று. ஜூலை 15இல் உயர் நீதிமன்றம் கட்டமைப்பின் முக்கிய ஏற்பாடுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கிளிநொச்சியிற் தலைமையகம் அமைவதும் பிரதேச நிதியமும் அவற்றுள் அடங்கும். கட்டமைப்பு ஒருநாளும் இயங்கவில்லை.

மறுபுறத்தைப் பேசாதுவிடுவது ஆய்வாகாது. அம்பாறையில் இறந்தோருட் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களுக்கு மூன்று ஆசனம் ஒதுக்கப்பட்ட ஓர் உடன்பாட்டில் அவர்களது கையொப்பம் கேட்கப்படவில்லை. இரு தரப்பும் பேசித் தீர்த்தபின் மூன்றாம் தரப்புக்கு அறிவித்தல் என்பதே முறையாயிற்று. தமிழ்த் தேசியத்தின் ஏகபிரதிநிதித்துவக் கோட்பாடு, சிங்களத் தேசியத்தின் ஒற்றையாட்சிக் கோட்பாட்டை இவ்விடயத்தில் அப்படியே ஒத்திருந்தது. தமிழ் அறிவாளர் பலர் அன்று இதனைச் சொல்லவில்லை. இன்றும் தயங்கியே சொல்கின்றனர்.

அதே கடற்கோளில் மிகவும் கொடிதாக அழிந்த ஆச்சேயில், 2005 ஆகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசும் விடுதலை இயக்கமும் உடன்படிக்கை செய்தன. இலங்கையில் 2006இல் போர் மீண்டது. கடற்கோளில் எல்லாம் இழந்து மீளக் கட்டிய வாகரை மக்கள் 2006இன் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் ஷெல் வீச்சில் மீண்டும் ஓடினர். முல்லைத்தீவுக் கரையில் நன்கொடைப் பணத்தால் எழுந்த வீடுகளுக்கு 2009இல் நேர்ந்ததை இங்கு விவரிக்க வேண்டியதில்லை.

5

அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில், கடற்கோளில் வீடிழந்த முஸ்லிம் குடும்பங்களுக்கென சவூதி அரேபிய உதவியோடு 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றை அவ்வாறு வழங்கலாகாது என்று வழக்குத் தொடரப்பட்டது. வீடுகள் நாட்டின் இன விகிதாசாரத்துக்கு அமையப் பங்கிடப்பட வேண்டும் என்று 2009இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலை விகிதாசாரம் பார்த்து வரவில்லை. இழப்பும் விகிதாசாரப்படி நிகழவில்லை. ஆயினும் நிவாரணம் தேசத்தின் விகிதாசாரத்துக்கு இசைய வேண்டும் எனப்பட்டது. அரச இழப்பீட்டுக்கும் இறைமைக்கும் குந்தகமென்று எவரும் கூறமுடியாத இவ்வீடுகள் ஒரு தசாப்தத்துக்கும் மேலாக ஆளின்றிக் கிடந்தன. கதவும் யன்னலும் கழன்றன. முற்றங்களிற் காடு வளர்ந்தது. எவருக்காகக் கட்டப்பட்டனவோ அவர்களுட் பலர் இதற்கிடையே உறவினர் வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் வாழ்ந்து முதுமையடைந்தனர்.

2005 முதல் டிசம்பர் 26ஆம் நாள் தேசிய பாதுகாப்புத் தினமாக அனுட்டிக்கப்படுகிறது. அன்று காலை 9.25 முதல் 9.27 வரை இரண்டு நிமிட மௌனம் காக்குமாறு நாடு முழுவதும் கேட்கப்படுகிறது. தென்மேற்குக் கரையில் அலை புகுந்து, பெரலியவிற் புகையிரதம் அகப்பட்ட நேரத்தை அண்டியது அது. மருதமுனையிலும் கல்முனையிலும் நாவலடியிலும் கூடுவோர் அந்நேரத்தில் மௌனமாகவே நிற்பர். 2004இல் அதே நேரத்தில் அக்கரைகளில் முதல் அலை வந்து போய்விட்டது. மக்கள் பிணங்களைத் தேடத் தொடங்கியிருந்தனர்.